அணைநீரைப் பார்த்த சரிவு மனையில் ஒரு குடும்ப வீடு: வடிவமைக்கும் முறை

நீலகிரியில் எமரால்டு, அவலாஞ்சி பக்கம் நீர்ப்பரப்பை நோக்கி இருக்கும் பட்டா நிலங்கள் பெரும்பாலும் ஒரே தோற்றம் கொண்டவை. மேல் விளிம்பில் சாலை, கீழ் விளிம்பில் அணைநீர், இரண்டுக்கும் நடுவே ஒரு காலத்தில் உருளைக்கிழங்கோ கேரட்டோ தேயிலையோ விளைந்த சரிவு. பாகப்பிரிவினையில் பத்துப் பன்னிரண்டு சென்ட் கையில் வந்ததும், விடுமுறைக்கு எல்லோரும் கூடித் தங்க ஒரு வீடு கட்டலாம் என்ற எண்ணம் குடும்பத்தில் எழுவது இயல்பு. ஆனால் அந்த மனையில் சட்டம் அனுமதிக்கும் இடம், சரிவு அனுமதிக்கும் இடம், நீர் அனுமதிக்கும் இடம் ஆகிய மூன்றும் வெவ்வேறு. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் சிறு துண்டில்தான் வீடு நிற்க முடியும். அந்தத் துண்டைக் கண்டுபிடிப்பதே வடிவமைப்பின் முதல் பாதி. அதற்கு வீட்டின் படத்தைத் தொடுமுன், மனைக்குள் நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும். சுவர், அறை, ஜன்னல் எல்லாம் அதற்குப் பிறகு தாமாகவே ஒழுங்குக்கு வரும் என்பது என் உறுதியான கருத்து.

ஆவணங்கள்

பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு புலப்பட நகலையும் வாங்கி, அதில் உள்ள எல்லைக் கற்களை நிலத்தில் நேரில் தேடிப் பார்க்க வேண்டும். எமரால்டு, அவலாஞ்சி அணைகள் குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்தவை. உங்கள் பட்டாவின் கீழ் எல்லைக்கும் நீருக்கும் இடையில் இருக்கும் கரை பெரும்பாலும் உங்களுடையதாக இராது. நீர் வரை படிக்கட்டு அமைப்பது, படகுத்துறை கட்டுவது போன்ற ஆசைகளை இந்த இடத்திலேயே கைவிட்டுவிடுவது நல்லது.

மனை இருக்கும் கிராமம், 1990-ஆம் ஆண்டு அரசாணையால் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். உள்ளூரில் இதை ஹாக்கா என்றே சொல்வார்கள். பட்டியலில் இருந்தால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் கருத்துகள் தேவைப்படும்; மனை வன எல்லைக்கு அருகில் இருந்தால் கேள்விகள் கூடும். கட்டடத்தின் உயரம் 7 மீட்டருக்குள் அடங்க வேண்டும் என்ற வரம்பு நீலகிரியில் 1993-ஆம் ஆண்டு விதிகளின் காலத்திலிருந்து இருந்து வருகிறது. பரப்பளவு, பக்க இடைவெளி போன்ற மற்ற அளவுகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், அவற்றை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதிப்படி கேட்டு எழுதிக்கொள்வதே சரி. அண்டை வீட்டுக்காரர் ஐந்து ஆண்டுக்கு முன் வாங்கிய அனுமதியை முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது.

ஜேசிபி, பொக்லைன் போன்ற இயந்திரங்களை இறக்குவதற்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மரங்களைப் பொறுத்தவரை 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. சொந்தப் பட்டாவில் நிற்கும் மரம் என்பதற்காக வெட்டிவிட முடியாது. ஆகவே மனையில் உள்ள ஒவ்வொரு மரத்தையும் அடிமரச் சுற்றளவோடு படத்தில் குறித்து, அது நிற்கும் என்று வைத்துக்கொண்டே வரையத் தொடங்க வேண்டும்.

கழித்துப் பார்க்கும் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு மனையை எடுத்துக்கொள்வோம். சாலையோரம் 18 மீட்டர் அகலம், சாலையிலிருந்து நீரை நோக்கி 27 மீட்டர் நீளம்; மொத்தம் ஏறத்தாழ 12 சென்ட். மூன்று மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் சரிகிறது என்றால், மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே 9 மீட்டர் இறக்கம் இருக்கும். நில அளவையாளரிடம் அரை மீட்டருக்கு ஒன்றாகச் சமஉயரக் கோடுகள் போட்ட படத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வெறும் நீள அகலம் மட்டும் உள்ள படம் இந்த மனைக்குப் பயன்படாது.

மேலே சாலையோரத்தில் 5 மீட்டரை வண்டி நிறுத்தவும் திருப்பவும் ஒதுக்குங்கள். அடுத்த 2 மீட்டர், மேலிருந்து வரும் மழைநீரை வீட்டின் முதுகில் மோதவிடாமல் பக்கவாட்டில் திருப்பும் வாய்க்காலுக்கு. ஒரு பக்கம் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சிற்றோடை இருக்கிறது என்றால், கோடையில் அது வெறும் பள்ளமாகத் தெரிந்தாலும், கரையோடு சேர்த்து 4 மீட்டரை அதற்கே விட்டுவிட வேண்டும். மறுபக்கம் 2 மீட்டர் இடைவெளி. கீழே 10 மீட்டரையாவது கட்டாமல் விட வேண்டும். எஞ்சுவது 12 மீட்டருக்கு 10 மீட்டர்தான். அதிலும் வீட்டின் ஆழத்தை 7 மீட்டரோடு நிறுத்தினால் 84 சதுர மீட்டர், அதாவது சுமார் 900 சதுர அடி கிடைக்கிறது. பன்னிரண்டு சென்டில் 900 சதுர அடிதானா என்று வீட்டில் முணுமுணுப்பு எழும். மாடியில் பரண் ஒன்று சேர்த்தால் பத்துப் பேர் தங்க இது போதும்.

கீழே ஏன் 10 மீட்டர் என்பதற்குச் சட்டத்துக்கு அப்பாற்பட்ட காரணமும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்கி டிசம்பர், ஜனவரியில் உறைபனியாக மாறும்போது, முதலில் வெளுப்பது நீரோரப் புல்தான். நீருக்கு மிக அருகே கட்டிய வீடு, இருபது அடி மேலே இருக்கும் வீட்டைவிட அதிகம் குளிரும். பழைய ஊர்கள் பள்ளத்தை விளைச்சலுக்கு விட்டுவிட்டுச் சரிவின் நடுவில் அமைந்திருப்பதைக் கவனித்தால் இது புரியும்.

மழைநீர்

2019 ஆகஸ்ட் மாதம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. எமரால்டு அதற்குப் பக்கத்து ஊர் என்பதால் வடிகாலை அந்த நாளை மனத்தில் வைத்தே கணக்கிட வேண்டும். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். மேற்சொன்ன வீட்டுக்கு நான்கு பக்கமும் 90 சென்டிமீட்டர் கூரை நீட்டம் விட்டால் கூரைப் பரப்பு 121 சதுர மீட்டர் ஆகும். 800 மில்லிமீட்டர் மழையில் கூரை மட்டும் ஏறத்தாழ 97,000 லிட்டர் நீரைக் கொட்டும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் எட்டு வரிசையாக வந்து ஒரே நாளில் உங்கள் அஸ்திவாரத்தின் ஓரத்தில் திறந்துவிடுவதற்கு அது சமம்.

நீலகிரியில் நிலச்சரிவுகளுக்கு முதல் காரணம் மண்ணுக்குள் தேங்கும் நீர். 2009 நவம்பர் மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நிலச்சரிவுகள் மாவட்டத்தில் பலருக்கும் மறந்திராது. நீரால் கனத்த மண், தன் துகள்களுக்கிடையே உள்ள பிடிப்பை இழந்து வழுக்குகிறது. ஆகையால் கூரை நீரைத் தகரத் தாரையில் பிடித்து, ஒரு பகுதியைத் தொட்டியில் சேமித்து, மிகுதியைக் குழாய் வழியாகவோ கல் பாவிய படிவாய்க்கால் வழியாகவோ சிற்றோடை வரை கொண்டுபோய் விட வேண்டும். சமவெளியில் நல்ல பழக்கமாகக் கருதப்படும் மழைநீர் உறிஞ்சுகுழியை, செங்குத்தான மலைச்சரிவில் வீட்டுக்கு மேலேயோ பக்கத்திலேயோ தோண்டுவது ஆபத்து. நீரை மண்ணுக்குள் அனுப்புவதைவிட, மண்ணை அரிக்காமல் அதைக் கடத்திவிடுவதே இங்கு நோக்கம்.

கழிவுநீர்த் தொட்டியே வீட்டின் இடத்தைத் தீர்மானிக்கும்

பெரும்பாலான படங்களில் இது கடைசியில் எங்கோ ஒரு மூலையில் கட்டமாகச் சேர்க்கப்படுகிறது. சரிவு மனையில் அப்படிச் செய்தால் பிறகு மாற்ற வழி இருக்காது.

கழிப்பறையிலிருந்து நீர் தானாக இறங்க, தொட்டி வீட்டுத் தளத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதே சமயம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை உறிஞ்ச லாரி வரும். அது சாலையில்தான் நிற்கும். உறிஞ்சு பம்பு கீழிருந்து மேலே நீரைத் தூக்குவது காற்றழுத்தத்தின் தயவால்தான். கடல் மட்டத்தில் இதன் உச்ச எல்லை சுமார் 10 மீட்டர். 2,000 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அது சுமார் 8 மீட்டராகக் குறைகிறது. கெட்டியான கசடும் நீண்ட குழாயும் சேர்ந்தால் நடைமுறையில் இன்னும் குறையும். தொட்டியை மனையின் அடியில், சாலைக்கு 9 மீட்டர் கீழே வைத்துவிட்டால் எந்த லாரியாலும் அதைக் காலி செய்ய முடியாது. சாலை மட்டத்திலிருந்து தொட்டியின் அடிப்பகுதி 5 மீட்டருக்கு மிகாமல் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டு மனையில், வீட்டின் பக்கவாட்டில், ஓடை இல்லாத பக்கத்தில் அதற்கு இடம் கிடைக்கும். கழிப்பறைகள் அனைத்தும் அந்தப் பக்கத்துச் சுவரை ஒட்டி, வீட்டின் மேல் அடுக்கில் (தளத்தை இரண்டடுக்காகப் பிரிப்பதை அடுத்துப் பார்ப்போம்; அதில் சாலைப் பக்கத்து அடுக்கு இது) அமைய வேண்டும் என்பது இதிலிருந்தே தெளிவாகிவிடுகிறது. அந்த 2 மீட்டர் இடைவெளியில் தொட்டிக்கு அனுமதி உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொட்டியிலிருந்து வழியும் நீர் நேராக மண்ணுக்குள் இறங்கினால், சில அடி கீழே சரிவில் ஊற்றாக வெளிப்பட்டு அணையை நோக்கி ஓடும். குடிநீர் ஆதாரத்துக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் வேண்டும் என்கிறது இந்தியத் தர அளவு. சரிவில் அதற்கும் கூடுதலான தூரமே பாதுகாப்பு. வீட்டுக்குக் கீழே ஒரு சிறு படியைச் சமப்படுத்தி, நீர் கசியாத விரிப்பு போட்டு, ஜல்லி நிரப்பி, கோரை நட்ட படுகை ஒன்றில் அந்த நீரை மெதுவாகக் கடத்தலாம். கல்வாழை பலருக்கும் பிடித்த செடி. ஆனால் உறைபனியில் கருகிவிடும். தூரம் போதாத மனையில் கசியாத மூடிய தொட்டிதான் வழி. அடிக்கடி லாரி அழைக்கும் செலவை வீட்டின் மாதச் செலவில் இப்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெட்டாமல் கட்டுதல்

சரிவைப் பார்த்ததும் மேஸ்திரி சொல்லும் முதல் யோசனை, மேல்பாதியை வெட்டிக் கீழ்பாதியில் கொட்டிச் சமதளம் ஆக்குவது. அப்போது வீட்டின் ஒரு பாதி இறுகிய மண்ணிலும் மறுபாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய மண் ஆண்டுக்கு ஆண்டு அமுங்க, நடுச்சுவரில் சாய்ந்த விரிசல் ஓடும். வெட்டிய முகப்பைத் தாங்க உயர்ந்த தடுப்புச்சுவர் வேறு தேவைப்படும்.

மாற்றாக, வீட்டைச் சமஉயரக் கோட்டின் வழியே நீளமாக வைத்து, தளத்தை இரண்டாகப் பிரியுங்கள். மேல் அடுக்கு 3 மீட்டர் ஆழம், கீழ் அடுக்கு 4 மீட்டர் ஆழம். மேல் அடுக்கின் பின் விளிம்பு இயற்கைத் தரையோடு சமமாக இருக்கட்டும். அதன் முன் விளிம்பில் தரை ஒரு மீட்டர் இறங்கியிருக்கும். அங்கிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஏழு படிகள் இறங்கினால், அதாவது 1.05 மீட்டரில், கீழ் அடுக்கின் தளம். அதன் முன் விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரத்தில் குட்டைத் தூண்கள் மேல் நிற்கும். மேல்மண்ணை வழித்து எடுப்பதும் தூண்குழிகளும் தவிர வேறு வெட்டு இல்லை. பெரிய இயந்திரத்துக்கு விண்ணப்பிக்கும் தேவையும் பெரும்பாலும் எழாது. தூண்குழிகள் கறுப்பு மேல்மண்ணைத் தாண்டி, இறுகிய இயற்கை மண் வரை இறங்க வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதை மண் பரிசோதனையும் பொறியாளரும் சொல்ல வேண்டும்.

நீலகிரியின் படகர் சமூகத்தார் வாழும் ஊர்களில் வீடுகள் ஒரே வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டி, முன்னால் பொது முற்றம் விட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆழம் குறைந்து நீளம் கூடிய அந்த வடிவம் இந்தச் சரிவுக்கு ஏற்றது என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை.

தடுப்புச்சுவர் தவிர்க்க முடியாத இடத்தில், ஒரே உயர்ந்த சுவருக்குப் பதிலாக ஒரு மீட்டருக்கு மிகாத இரண்டு மூன்று கல் சுவர்களைப் படிபடியாக வைக்கலாம். சுவரின் முதுகில் ஜல்லியும் துணி வடிகட்டியும், சுவரில் வரிசையாக வடிகால் துளைகளும் வேண்டும். சுவர் மண்ணைத் தாங்கலாம், ஆனால் தேங்கிய நீரின் அழுத்தத்தைத் தாங்காது. சிமெண்ட் பூசி அழகாக மூடிய துளைகளை மலையெங்கும் காணலாம். வயிறு தள்ளிய சுவர்களையும் அவற்றுக்கு அருகிலேயே காணலாம்.

காட்சியா, வெயிலா

நீர் வடக்கே இருந்தால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நீலகிரி ஏறத்தாழ 11 பாகை வடக்கில் இருப்பதால், டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். ஜூனில் உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் வெயில் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும்தான் வருகிறது. வடக்கு முழுவதையும் கண்ணாடியாக்கினால் காட்சி கிடைக்கும். இரவில் அறையின் வெப்பமெல்லாம் அந்தக் கண்ணாடி வழியே போய்விடும்.

நல்ல வேளையாகத் தளத்தை இரண்டடுக்காகப் பிரித்தது இங்கேயும் கைகொடுக்கிறது. மேல் அடுக்கின் பின்சுவர் தெற்கு நோக்கியது. அங்கிருந்து சாலை வரை ஏறும் சரிவின் கோணம் சுமார் 18 பாகைதான். சாலையோரத்தில் உயர்ந்த மரம் இல்லையென்றால், 55 பாகையில் வரும் வெயில் அதைத் தாண்டி உள்ளே தாராளமாக விழும். எனவே தெற்கில் உயரமான ஜன்னல்களும், கிழக்கில் காலை வெயிலுக்கு ஓர் அகன்ற ஜன்னலும், வடக்கில் காட்சிக்கு ஒரே ஒரு நீண்ட ஜன்னலும் போதும். அந்த ஒரு ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, உட்கார அகன்ற திண்ணை, இரவில் இழுத்து மூடப் பலகைக் கதவு ஆகியவற்றுக்குச் செலவு செய்யுங்கள்.

அதன் அடிமட்ட உயரத்தை மனையில் நின்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மின் உற்பத்தி அணைகளில் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இராது. கோடை விடுமுறையில் நீங்கள் வரும் நேரத்தில் நீர் உள்வாங்கி, செம்மண் கரை வெடித்துக் கிடக்கலாம். ஏப்ரலில் ஒருமுறை வந்து, தளம் வரப்போகும் உயரத்துக்குச் சாரம் கட்டி, அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். எதிரே ஒருவரை ஒரு பலகையைப் பிடித்து நிற்கச் சொல்லி மேலும் கீழும் நகர்த்தினால், கரையின் மண்ணை மறைத்து, அப்பால் உள்ள நீரையும் எதிர்மலையையும் காட்டும் உயரம் எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது வீட்டின் தளத்திலிருந்து இரண்டரை அடிக்குப் பக்கத்தில் வரும்.

மேற்குப் பக்கத்தில் வாசலோ பெரிய ஜன்னலோ வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலும் காற்றும் அங்கிருந்துதான் அறையும். விறகு அறை, பொருள் அறை, ஈரத்துணி உலர்த்தும் சிறு அறை ஆகியவற்றை அந்தப் பக்கம் வைத்தால் அவையே வீட்டுக்குப் போர்வையாகும். துணி உலர்த்தும் அறையை வீண் என்று நினைப்பவர்கள் ஜூலையில் ஒரு வாரம் வந்து தங்கிப் பார்க்கலாம்.

உள்ளே

வாசல் மேல் அடுக்கில் அமைவதால், தாத்தா பாட்டிக்கான படுக்கையறையும் குளியலறையும் சமையலறையும் அதே தளத்தில் இருக்கட்டும். மூட்டுவலி உள்ளவர் படி இறங்காமலே சமையலறைக்கும் கழிப்பறைக்கும் போக முடிய வேண்டும். வாகன நிறுத்தத்திலிருந்து வாசல் வரை 2 மீட்டருக்கு மேல் இறக்கம் இருப்பதால், அங்கே ஒரே ஓட்டமாகப் படி வைக்காமல், இடையில் நின்று மூச்சு வாங்க ஒரு தட்டும் இரு பக்கமும் கைப்பிடியும் வையுங்கள். கேஸ் சிலிண்டர் வருவதும் அந்த வழியாகத்தான்.

கீழ் அடுக்கு முழுவதும் கூடம். ஓரத்தில் தடுக்கக்கூடிய இன்னொரு படுக்கையறை. பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டாம், பரணில் மெத்தை விரித்தால் போதும். மேல் அடுக்குக்கு மேலே கூரைச் சரிவுக்குள் அடங்கும் பரண் 7 மீட்டர் வரம்பைத் தொடாமல் கிடைக்கும். உயரத்தை எந்த மட்டத்திலிருந்து அளப்பார்கள் என்பதை மட்டும் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; சரிவில் அதுதான் எல்லாவற்றையும் மாற்றும்.

கூரைக்குத் தகடு எளிது, எடை குறைவு. ஆனால் தகடு மட்டும் போட்டால் மழையில் பேச்சு கேட்காது, பனி இரவில் அதன் அடியில் நீர் கோத்துச் சொட்டும். தகட்டுக்கும் உள்ளே தெரியும் சில்வர் ஓக் பலகைக்கும் நடுவே வெப்பத்தடுப்புப் பஞ்சும் காற்று ஓட இடமும் விடுங்கள். கணப்பு வைப்பதாக இருந்தால் சரியான புகைபோக்கியோடு வையுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பை மூட்டித் தூங்கி, கார்பன் மோனாக்சைடால் உயிரிழப்பது மலையில் நடக்கும் விபத்து. வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் விருந்தினருக்கு இதை எழுதியே வைக்க வேண்டும்.

காட்டெருமையும் கரடியும் வந்துபோகும் பகுதி என்பதால் முள்கம்பி வேலியைத் தவிர்த்து, குப்பைக்குப் பூட்டும் மூடியுள்ள பெட்டி வையுங்கள். நீரை நோக்கி ஒளிவெள்ள விளக்குகளும் வேண்டாம்.

காலம்

தென்மேற்குப் பருவமழைக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் இடையில் மண்வேலைக்குப் போதிய இடைவெளி கிடையாது. ஜனவரி முதல் மே வரைதான் நம்பிக்கையான காலம். மேல் வாய்க்காலை முதலில் வெட்டி, பிறகு தூண்குழி, பிறகு மற்றவை என்று வரிசைப்படுத்தி, மே முடிவதற்குள் கூரையை மூடிவிட வேண்டும். அனுமதிகள் கைக்கு வர எடுக்கும் காலத்தை இதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு விண்ணப்பியுங்கள். ஏப்ரலில் அனுமதி வந்தால் அடுத்த ஜனவரி வரை காத்திருப்பதே பாதுகாப்பு. ஜனவரி இரவுகளில் வெப்பம் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது கான்கிரீட் மெதுவாகவே இறுகும். போட்ட அன்று மாலையே சாக்கும் அதன்மேல் தார்ப்பாயும் போர்த்தி, சமவெளிக் கணக்கைவிடக் கூடுதல் நாட்கள் கழித்தே பலகை பிரிக்கச் சொல்லுங்கள். கோயம்புத்தூரிலிருந்து வரும் ஒப்பந்ததாரராக இருந்தால் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.